குரியாச்சன் மாடியில டவர்

அங்க இல்ல சார், அங்க என்னத்தை அளக்கிறது! இப்படி வாங்க, கோழிக்கூடு பக்கம். இங்கதான் செல்போன் டவர் நேரா முறைக்குது. அந்தக் கதிர் அளக்கிற மிஷினை நல்லாத் தூக்கிப் பிடிங்க... ஆறு நிமிஷம் அசையாம நிக்கணுமா? நில்லுங்க, நில்லுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.

இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். டவர் வந்ததுல இருந்து நாலு கோழியில ஒண்ணுகூட முட்டை போடல. வயசா? கோழிக்கு என்ன பெரிய வயசு, ஒரு ஆறு, ஏழு இருக்கும்... அதை விடுங்க. எனக்குத் தலைவலி சார். நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்குது. பைபிளை எடுத்து ரெண்டு வசனம் படிக்கிறதுக்குள்ள மண்டை இடி. சங்ஙனாச்சேரியில வீடு வீடா ஏறி இறங்கி நாப்பத்திரண்டு கையெழுத்தோட மனு போட்டுத்தான் உங்களையே வரவழைச்சேன். இந்த த்ரேசியாம்மாவை யாருன்னு நெனச்சான் அவன்!

எவனா? டவருக்கு மாடியைக் குடுத்தவன்தான். குரியாச்சன். என் கூடப் பிறந்த தம்பி சார்! நடுவுல ஒரே மதில்! "சேச்சி, மனுஷ உடம்புக்கு இவ்வளவுதான் படலாம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, அதுக்குள்ளதான் இருக்கு"ன்னான். அளவாம் அளவு! அந்த அளவைப் போட்டவன் இவன் டவருக்குக் கீழ படுத்துத் தூங்கினானா?

ஆச்சா? எவ்வளவு? எனக்கு நம்பர் தெரியல, நீங்களே சொல்லுங்க... என்னது? உடம்பு சூடாகிற அளவு ஒண்ணு, அதுல அம்பதுல ஒரு பங்குதான் ஜனங்களுக்கு எல்லை, அந்த எல்லையில இது நூத்துல ஒரு பங்குகூட இல்லையா? மிஷின் பழசோ சார்? ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்.

சரி, கையெழுத்து போடறேன். எங்க, இந்தக் கோட்டுலயா?... ஓ, இது பேப்பர் இல்லையா, ஸ்டூலா.

கண்ணாடி இருக்கு சார். போடறதில்ல. ஏன்னா அவன் கடையில செஞ்சது! ஆமா, குரியாச்சனுக்குக் கண்ணாடிக் கடை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பார்த்துப் பார்த்துச் செஞ்சான். டவரை ஏத்தின அன்னைக்கே கழட்டி அரிசி டின்னுக்குள்ள போட்டேன். உன் டவரும் வேண்டாம், உன் கண்ணாடியும் வேண்டாம்னு. பதினாலு மாசமாச்சு... தலைவலியா? அதுக்கப்புறம் ஒரு வாரத்துல...

ஏன் சார் மிஷினைப் பெட்டிக்குள்ள வைக்கிறீங்க?

சரி சரி, அதை ரிப்போர்ட்ல எழுதாதீங்க. உக்காருங்க, பால் ஊத்தாத கட்டங்காப்பி கொண்டு வரேன். அடுப்படியில இருந்தே பேசறேன், கேக்குதா? அவன் மோசமானவன் இல்ல சார். கப்பக்கிழங்கும் மீனும் வச்சா முதல் தட்டு மதில் தாண்டி அவனுக்குத்தான் போகும். இப்ப தனியா வச்சுத் தனியா திங்கிறேன். திங்கக்கிழமை அவன் பொண்ணுக்குக் கல்யாண நிச்சயம். அத்தை வரணும்னு அது அழுதுச்சாம். எனக்கும் ஆசைதான். மனு போட்ட மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிப் போறது? அந்த நாப்பத்திரண்டுல பத்துக் கையெழுத்து நானே போட்டது, அது வேற...

இந்தாங்க காப்பி. ஏன் மதில் பக்கம் போய் நிக்கிறீங்க? உங்க ஜீப் கிளம்பற சத்தம் கேட்டுச்சே, உங்களை விட்டுட்டு டிரைவர் எங்க போறான்? சிரிக்காதீங்க சார். என்ன சார் சிரிப்பு? இந்தச் சிரிப்பு...

என் மாதாவே! டேய் குரியாச்சா, நீயா! அந்தாளு எப்படா போனான்? எதுல இருந்து கேட்டே நீ? மீன்ல இருந்தா?... அய்யய்யோ, கையெழுத்தையுமா!

எதுக்குடா மூக்கை உறிஞ்சுற? இந்தா, இதைக் குடி. அந்தாளுக்குன்னு ரெண்டு ஸ்பூன் சீனி போட்டுட்டேன், உனக்கு ஆகாது. இன்னைக்கு ஒரு நாள் பரவாயில்ல. உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன்.