ஈரம் கழிக்காத ரிப்போர்ட்

— சும்மா நடந்துக்கிட்டே இருந்தா எப்படி அண்ணி? உட்காருங்க. பார்க்கிற எனக்கே தலை சுத்துது.

— உட்கார்ந்தா எனக்குப் பேச்சு வராது தம்பி. லேப்ல நாள் முழுக்க நின்னே பழகின காலு.

— அதுக்காக லேப்புக்குப் பின்னாடி இருக்கிற இந்த அஞ்சடி நிழல்ல அளந்து அளந்து நடக்கணுமா? சாப்பாட்டு டப்பாவையாவது திறங்க.

— எனக்குப் பசிக்கல. நீ சாப்பிடு.

— எனக்கும்...

— உனக்கும் பசிக்காதே. நேத்து தட்டுல போட்டதை அப்படியே வெச்சுட்டு எழுந்து போனவன்தானே நீ. உங்க அண்ணன் கேக்கறாரு, குழம்புல உப்பு இல்லையான்னு. இருபது வருஷமா என் கையால சாப்பிடற மனுஷனுக்கு இப்பதான் சந்தேகம் வருது.

— அண்ணனுக்கு உப்பு இருந்தாலும் தெரியாது, இல்லேன்னாலும் தெரியாது.

— பேச்சை மாத்தாதே. எழுந்து போறதுக்கு முன்னாடி என்ன சொன்னே?

— என்ன சொன்னேன்... கன்டெய்னர் ஒண்ணு துறைமுகத்துல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். கஸ்டம்ஸ்ல சரக்கை விடுவிச்சுக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் வேற என்னத்தைச் சொல்வான்?

— புரோட்டீன் பவுடர்னு சொன்னே. எங்க கஸ்டம்ஸ் லேப் ரிப்போர்ட்ல புரோட்டீன் நூத்துக்கு எண்பதுக்குக் கீழே வந்துருச்சுன்னு சொன்னே.

— வந்துச்சு. விடுங்க.

— ரிப்போர்ட்ல கையெழுத்து யாருதுன்னு மட்டும் சொல்லல. சொல்லு.

— ஏதோ கிறுக்கின மாதிரி இருந்துச்சு. யாருதுன்னு தெரியல.

— என் கையெழுத்து உனக்குத் தெரியாது? உன் காலேஜ் மார்க் ஷீட்ல உங்க அப்பாவுக்குத் தெரியாம போட்டது யாருடா?

— அப்ப நீங்க அப்பா மாதிரியே இல்ல போட்டீங்க!

— சிரிக்காதே. இதோ பாரு, எங்க மேஜைக்கு வர்ற சாம்பிள் டப்பாவுல நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். யார் சரக்கு, யார் ஏஜென்ட், ஒரு மண்ணும் இருக்காது. நேத்து நீ வாயைத் திறக்கிற வரைக்கும் அது உன் ஃபைலுன்னு எனக்குத் தெரியாது.

— எனக்குத் தெரியாதா அண்ணி? உங்களைக் குத்தம் சொல்ல நான் வரல.

— பின்னே எதுக்கு வந்தே? காலையிலேருந்து மூணு தடவை போன் வேற.

— சும்மாதான். நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருப்பீங்களேன்னு... அது திரும்பிப் போயிடும். நாலு மணிக்குக் கப்பல்ல ஏத்திடுவாங்க. அத்தோட கதை முடிஞ்சுது.

— எப்படி முடியும்? எண்பதுக்கு மேலன்னா அது புரோட்டீன், வரி கம்மி, நேரா வெளியே போயிடும். கீழன்னா அது பால் பொருள். கால்நடை டாக்டர் சான்றிதழ் எங்கே, பால் இறக்குமதி அனுமதி எங்கேன்னு கேட்பாங்க. பேரை மாத்திக் காட்டினவன்னு உன் மேல ஒரு கறுப்புப் புள்ளி விழும். விழுமா, விழாதா?

— விழும். முதல் தடவைதானே? ஒண்ணும் பண்ண மாட்டாங்க.

— ரெண்டாவது தடவை விழுந்தா லைசன்ஸ் போகுமில்ல? அந்த ஒரு காகிதத்துக்காக ஏழு வருஷம் எவன் ஆபீஸ்லயோ ஃபைல் தூக்கினே. மூணு பரீட்சையில ஃபெயிலு...

— ரெண்டு.

— மூணு. மூணாவதை உங்க அண்ணன்கிட்ட மறைச்சோம். என்கிட்டயுமா?

— சரி, மூணு.

— அப்படிப்பட்டவன் மறு பரிசோதனை ஏன் கேக்கல? உன் இடத்துல வேற எந்த ஏஜென்டா இருந்தாலும் ரிப்போர்ட் வந்த அன்னைக்கே மனு எழுதிட்டு வாசல்ல வந்து நின்னிருப்பான்.

— நேரமில்ல அண்ணி. வேற வேலை இருந்துச்சு.

— தலைக்கு மேல இதை வெச்சுக்கிட்டு வேற வேலையா?

— ஐயோ, விடுங்களேன்!

— விட முடியாதுடா. அந்த ரிப்போர்ட் தப்பு.

— இருக்கட்டும் அண்ணி.

— என்ன, ஆச்சரியப்படக்கூட மாட்டேங்கிறே?

— இல்ல... சொல்லுங்க. என்ன தப்பு?

— மெஷின் எழுபத்தெட்டுன்னு காட்டுச்சு. அது சரிதான். ஆனா பவுடர்ல நூத்துக்கு அஞ்சு பங்கு ஈரம் இருக்கு. அதைக் கழிச்சுட்டு, காய்ஞ்ச பவுடருக்குத்தான் கணக்குப் போடணும்னு விதியே இருக்கு. கழிச்சா எண்பத்திரண்டு. நான் கழிக்கல. ஈரத்துணியை எடை போட்டுட்டு நூல் இவ்வளவுன்னு சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்துட்டேன்.

— நீங்க போய் எப்படி அண்ணி? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்வீங்களே.

— அன்னைக்குக் காலையிலேருந்து வந்ததெல்லாம் குழந்தைங்க மாவு. பதினேழு டப்பா. எங்க லேப்ல அதுக்கெல்லாம் ஈரம் கழிக்கறதில்ல, மெஷின்ல வந்ததை அப்படியே எழுதிட்டுப் போயிட்டே இருப்போம். பதினெட்டாவது டப்பா இது. கை பாட்டுக்கு எழுதிடுச்சு. நேத்து நீ எண்பதுக்குக் கீழேன்னு சொன்னதும் அந்த டப்பாதான் ஞாபகம் வந்துச்சு. நீ எழுந்து போனே, எனக்கும் சோறு இறங்கல. இன்னைக்கு வந்ததும் வராததுமா நோட்டைத்தான் பிரிச்சேன்.

— யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— இதோ, உன்கிட்ட சொல்றேன்.

— நான் அதைக் கேக்கல. உங்க மேலதிகாரிகிட்ட?

— ஏன் இப்படிப் பறக்கறே?

— கேக்கறேன் இல்ல? சொன்னீங்களா, இல்லையா?

— யோசிச்சுட்டிருக்கேன்.

— யோசிக்கவே யோசிக்காதீங்க. அப்படியே விட்டுடுங்க. நோட்டை மூடி வெச்சுடுங்க.

— என்னடா பேசறே? சரியா இருக்கிற சரக்கைத் தப்புன்னு திருப்பி அனுப்பச் சொல்றியா?

— நீங்க போன வருஷமே ஒரு மெமோ வாங்கிட்டீங்க, லேபிள் மாறிப்போச்சுன்னு. இன்னொண்ணு வந்தா எங்கேயாவது தூரமா தூக்கிப் போட்டுடுவாங்க. பாப்பா பன்னிரண்டாவது படிக்கிறா. அண்ணனுக்கு ஒரு வெந்நீர் வைக்கத் தெரியுமா?

— அதெல்லாம் வைப்பாரு. அடுப்பை அணைக்கத்தான் தெரியாது.

— பார்த்தீங்களா.

— அதனால உன் பேரு கெடட்டும்ங்கிறே. சரக்கை வரவழைச்ச உன் பார்ட்டி சும்மா இருப்பாரா? அவரை நம்பித்தானே உன் ஆபீஸே ஓடுது?

— அவரை நான் பார்த்துக்கறேன்.

— அவர் கோவிச்சுக்கிட்டு வேற ஏஜென்ட்கிட்ட போயிட்டா?

— போகட்டும்! தொலையட்டும் அண்ணி!

— கத்தாதே. வாட்ச்மேன் பார்க்கறாரு.

— கத்தல. வெயில்... அதான்.

— இங்கே திரும்பு. கண்ணு ஏன் கலங்குது?

— தூசி.

— தூசியாம். ஏன்டா... எனக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாதுன்னா இவ்வளவு தூரம் வந்திருக்கே? உன் பிழைப்பே போனாலும் பரவாயில்லைன்னு?

— அப்படியெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி.

— எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. இருந்திருந்தாலும் இப்படி வந்து நின்னிருப்பானா தெரியாது. உங்க அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்வேன், வாய் நிறையச் சொல்வேன்.

— வேண்டாம் அண்ணி. தயவுசெஞ்சு யார்கிட்டயும் எதையும் சொல்லாதீங்க. எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க. நாலு மணி வரைக்கும் உங்க ஆபீசர் ரூம் பக்கமே போகக்கூடாது. கப்பல் கிளம்பட்டும்.

— சத்தியமெல்லாம் எதுக்கு? மணி என்ன ஆச்சு?

— ரெண்டே கால்.

— ரெண்டே காலா... சரி.

— ஏன் அடிக்கடி என் போனையே பார்க்கறீங்க?

— நானா? இல்லையே. அதோ, அடிக்குது பாரு. எடு.

— அப்புறம் பேசிக்கலாம்.

— எடுடா. நல்ல சேதியா இருக்கும்.

— எனக்கு என்ன நல்ல சேதி வரப்போகுது... ஹலோ. சொல்லுங்க மேஸ்திரி... என்னது?... இல்ல இல்ல, அது கப்பலுக்குப் போறது... யாரு விடச் சொன்னா?... நிறுத்துங்க. கேட்லயே நிறுத்துங்க மேஸ்திரி, நான் வர்றேன்... எப்போ?... லாரி போயிடுச்சா?

— போயிடுச்சா? அப்பாடா!

— அண்ணி... என்ன பண்ணீங்க?

— காலையில பத்து மணிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். தப்பு என்னுது, ஈரம் கழிக்கல, சரக்கு சரியான சரக்குதான்னு. ஆபீசர் முறைச்சாரு. மெமோ வரும். வந்துட்டுப் போகுது. அது வெளியே போற வரைக்கும் உன் காதுல போட வேண்டாம்னுதான் இழுத்துப் பிடிச்சுப் பேசிட்டிருந்தேன். நீ பண்ணின கலாட்டாவைப் பார்த்தா, முதல்லயே சொல்லியிருந்தா ஓடிப்போய்த் தடுத்திருப்பே.

— தடுத்திருப்பேன்.

— தெரியும்டா. வா, இப்ப சாப்பிடலாம். பசி காதை அடைக்குது.

— அந்த லாரி நேரா ஆஸ்பத்திரி சப்ளை கோடவுனுக்குப் போகுது அண்ணி.

— போகட்டுமே. ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கஞ்சியில கலக்கறதுக்குன்னு நீதானே சொன்னே? உடம்பு தேறட்டும் பாவம். ஏன்டா மரம் மாதிரி நிக்கறே? உன் பேரு பிழைச்சுது, சந்தோஷப்படு.

— உங்க லேப்புக்கு வந்த பவுடர் எந்த மூட்டையில எடுத்ததுன்னு தெரியுமா?

— எனக்கு எப்படித் தெரியும்? டப்பாதானே வரும்.

— கதவைத் திறந்ததும் முதல் வரிசையில நிக்குமே, அந்த மூட்டையில. எப்பவும் அதுலதான் எடுப்பாங்க. உள்ளே இருக்கிறதை இறக்க ஆள் பிடிக்கணும், அரை நாள் ஆகும். யாரும் மெனக்கெட மாட்டாங்க.

— சரி, அதுக்கென்ன இப்போ? தம்பி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. எனக்காகத்தானே இவ்வளவு நேரம் திருத்த வேண்டாம், விட்டுடுங்கன்னு கெஞ்சினே?

— இல்ல அண்ணி, எனக்காக. முதல் வரிசை மட்டும்தான் நிஜப் புரோட்டீன், உள்ளே இருக்கிற மூட்டை அத்தனையும் வெறும் பால் பவுடர். பார்ட்டி திங்கட்கிழமையே என்கிட்ட சொல்லிட்டாரு. சரக்குக் காகிதத்துல கையெழுத்துப் போட்டவன் நான், வாயைத் திறந்தா நானும் உள்ளே போவேன். உங்க ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னு பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. அது பாட்டுக்குத் திரும்பிப் போகட்டும்னு பேசாம இருந்துட்டேன்.