மனித அடி படாத மலை

ஹெஸ்டர்: “‘கூதிர் கழிந்தது, முன்பனி பிறந்தது. ஆஸ்பென் மரங்கள் தம் பொன்னிலைகளைச் சுனையிலே சொரிந்துவிட்டு வெறுங்கையோடு நிற்கின்றன. முகில் போர்த்த நெடுவரை மோனத்தில் ஆழ்ந்திருக்கிறது. மனித அடி படாத நிலம் இது...’ ஏன்டா வெண்டல், படம் எடுத்தவன் நீ. இதையும் நீயா எழுதினே?”

வெண்டல்: “நில அளவைக் குழுத் தலைவர் சொன்னாரு, எழுதினேன். படத்தோட வாஷிங்டன் போகணும். ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் அக்கா, படக் கண்ணாடித் தகட்டைச் சுரண்டிட்டியா?”

ஹெஸ்டர்: “அடி படலையாம்! அப்போ அடிவாரத்துல ஏழு கூடாரம்... காளானா?”

வெண்டல்: “அதைத்தானே சுரண்டச் சொன்னேன்! கண்ணாடியில சுரண்டின இடம் தாள்ல கறுப்பா விழும். புதர்னு நினைச்சுப்பாங்க.”

ஹெஸ்டர்: “அந்தக் கூடாரத்துல இருக்கற யூட் பழங்குடி ஜனங்க எங்க போவாங்க?”

வெண்டல்: “படத்துல மட்டும்தானே இல்லாம போறாங்க...”

ஹெஸ்டர்: “படத்தைக் காட்டி, ஆளில்லாத மலைன்னு சட்டம் போடுவாங்க. மறுநாளே சுரங்கக்காரன் நிப்பான். தெரியாத மாதிரி பேசாதே.”

வெண்டல்: “நான் மாட்டேன்னா அடுத்த வருஷம் வேற ஆளு எடுப்பான்.”

ஹெஸ்டர்: “மலையில கழுதை உன்னைக் கீழே தள்ளி, கால் வீங்கி ஒன்பது நாள் கிடந்தியே... எங்க?”

வெண்டல்: “...மூணாவது கூடாரத்துல.”

ஹெஸ்டர்: “அந்தக் கூடாரத்து அம்மா மான்கறி வேகவச்சு உனக்கு—”

வெண்டல்: “போதும்! சுரண்டினியா இல்லையா?”

ஹெஸ்டர்: “சுரண்டிட்டேன். பெட்டியில வச்சு வைக்கோலும் திணிச்சாச்சு. பிரிச்சுப் பாக்கறியா?”

வெண்டல்: “வேண்டாம். ஆணியைக் கொடு, நானே அடிக்கிறேன்.”

ஹெஸ்டர்: “பாக்காமலா? பொத்தானைக்கூட ரெண்டு தடவை சரிபாக்கறவன்!”

வெண்டல்: “நேரமில்லைன்னேன்ல... எழுதின காகிதம்?”

ஹெஸ்டர்: “கைதவறி... அடுப்புல விழுந்துடுச்சு.”

வெண்டல்: “...விழட்டும். தொப்பியைக் கழட்டிட்டேன். ஒரு ஜெபம் சொல்லு.”

ஹெஸ்டர்: “மரப்பெட்டிக்கா?”

வெண்டல்: “சிரிக்காதே. அடிபட்ட முட்டி இன்னும் மடங்கலை. எனக்கும் சேத்து நீ முட்டி போடு.”

ஹெஸ்டர்: “பர்வதங்களை நிலைநிறுத்தினவரே, உமது கண்ணுக்கு மறைவானது ஒன்றுமில்லை. ஆமென்.”

வெண்டல்: “ஆமென். சுரண்டுற கத்தியைக் காலையிலேயே நான் ஒளிச்சு வச்சுட்டேன் அக்கா, நீ சுரண்டியிருக்கவே முடியாது. தலைவர் கேட்டா, ‘சுரண்டிட்டேன்னு அவ சொன்னா’ன்னு பொய்யில்லாம சொல்லணும்ல... அந்த ஏழு வீட்டு அடுப்பும் அணையாம எரியட்டும்.”