யார் அடிச்சது

— அதான் சொல்றேனே அக்கா, அவளை நான் அடிக்கல. என் ஜீன் அடிச்சுது. ரிப்போர்ட்லயே போட்டிருக்கு, பாரு.

— கையை வீசிப் பேசாதேடா, மேஜை மேல ரத்த சாம்பிள் குழாய் வரிசையா நிக்குது. இன்னும் பத்து நிமிஷத்துல லேப் திறக்கணும்.

— வக்கீலுக்கு வாயெல்லாம் பல்லு. இந்த ஜீனோட பொறந்தவனுக்குக் கோபம் வந்தா பிரேக் பிடிக்காதாம். ஸ்கேன் எடுத்த டாக்டர் இன்னும் ஒரு படி மேல. நாம முடிவு பண்றோம்னு நினைக்கறதுக்கு முன்னாடியே மூளை முடிவு பண்ணிடுதாம்.

— அந்த மூளை யாரோடது? பக்கத்து வீட்டுக்காரனோடதா?

— கிண்டல் பண்ணாதே. சயின்ஸ் சொல்லுது.

— போன மாசம் உன் மேனேஜர் எல்லார் முன்னாடியும் ஃபைலைத் தூக்கி உன் மூஞ்சில எறிஞ்சாரே. அப்ப உன் ஜீன் எங்க போச்சு? லீவு போட்டிருந்துச்சா?

— அது... வேலை போயிடுமேன்னு...

— ஆபீஸ்ல பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. பொண்டாட்டி முன்னாடி நின்னா மட்டும் பிடிக்கல.

— உனக்கென்ன, நீ பேசுவே. உன் ரிப்போர்ட் சுத்தமா வந்துடுச்சு. அம்மா மாதிரி பொறந்துட்டே. அப்பா மொத்தமா என் தலையில இறங்கிட்டார். உள்ள என்ன கொதிக்குதுன்னு உனக்கெங்க தெரியும்?

— அப்பா அம்மாவை அடிச்சப்பல்லாம் கட்டிலுக்கு அடியில ரெண்டு பேரும்தான் கிடந்தோம்.

— அதையேதான் இந்த வாக்குமூலத்துல எழுதியிருக்கு, அப்பாவும் இப்படித்தான் இருந்தார்னு. ஒரு கையெழுத்துப் போடு, நாளைக்குக் கோர்ட்டுல குடுக்கணும். இந்தா பேனா. கையை வெளியே எடேன்!

— இரு. நேத்து அவளைப் பார்க்கப் போனேன். வலது கை மாவுக்கட்டுல. இடது கையால பிள்ளைக்குத் தலை சீவி விட்டுக்கிட்டிருந்தா.

— என்ன சொன்னா?

— நான்தான் அடிச்சேன்னு அவர் வாயால ஒரு வாட்டி சொல்லட்டும் அண்ணி, ஜீன்தான் அடிச்சுதுன்னா நான் யாரோட குடித்தனம் பண்றதுன்னு கேட்டா.

— சொன்னா கேஸ் போச்சு. உள்ள தள்ளிடுவாங்க.

— கடைசியா கேட்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. யார் அடிச்சது?

— எத்தனை தடவைக்கா சொல்றது? அப்பாவோட ரத்தம் அடிச்சுது. போதுமா?

— போதும். ரிப்போர்ட்ல மேல ரத்த குரூப்னு ஒரு வரி இருக்கும், படி.

— பி பாசிட்டிவ். அதுக்கென்ன இப்ப?

— பிள்ளை பொறந்தப்ப அவளுக்கு ரத்தம் குடுத்தியே. நீ என்ன குரூப்?

— ஓ பாசிட்டிவ்... அட, இவங்க தப்பா அடிச்சிருக்காங்க.

— தப்பு அவங்க மேல இல்ல. இந்த ஜீன் டெஸ்டுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் நான்தானே ரத்தம் எடுத்தேன்? ரத்தம் எடுத்த அப்புறம்தான் குழாய்ல பேர் ஒட்டணும். முன்னாடியே ஒட்டி வைக்கற பொண்ணுங்களைத் தினமும் திட்டறவ நான். அன்னிக்கு நீ அழுத அழுகையில நானே ஒட்டி வச்சுட்டேன். குழாய் மாறிப் போச்சு. நேத்துதான் கவனிச்சேன்.

— அப்போ என் ரிப்போர்ட்?

— என்னோடது சுத்தமா வந்திருக்குன்னியே, அதுதான் உன்னோடது.

— அக்கா, கால்ல விழறேன், வெளியே சொல்லிடாதே... இரு இரு. நம்ம வீட்ல பி பாசிட்டிவ் அப்பா மட்டும்தானே?

— அப்பாவும் நானும்.

— நீயா? நீ ஒருத்தரையும் ஒரு அடி அடிச்சதில்லையே!

— நீ உள்ள வந்ததுலேருந்து கை ஓங்கிக்கிட்டுதாண்டா வருது. ஏன் ரெண்டு கையையும் மேஜைக்கு அடியில கோர்த்து வச்சிருக்கேன்னு நினைக்கறே?