கால் நிலத்தில படேல்ல

இல்ல மிஸி, அந்தக் கதிரையில இருக்காதேங்கோ, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்பிடிக் கட்டில் விளிம்பில இருங்கோ. பையைத் திறக்கிறதுக்கு இப்ப என்ன அவசரம்? வெயிலுக்க அன்புவழிபுரம் முழுக்கச் சைக்கிள் உழக்கிக்கொண்டு வாறியள், முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. மச்சாள், மிட்வைஃப் மிஸிக்கு ஒரு தேத்தண்ணி போடுங்கோவன். சீனி இல்ல மிஸி, பனங்கட்டிதான். கடிச்சுக் குடிப்பியள்தானே?

ஓமோம், கட்டில் குசினிக்கதான் கிடக்கு. வாற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் கேக்கினம். போன முறை நீங்கள் வரேக்க நான் அறைக்க கிடந்தனான், என்ன? அது அந்தக் காலம்.

பெரிய டொக்டர் சொன்னதை நீங்களும் பக்கத்தில நிண்டு கேட்டனீங்கள்தானே. நஞ்சுக்கொடி கீழ இறங்கிக் கிடக்கு, பிள்ளை பிறக்குமட்டும் காலை நிலத்தில வைக்கப்படாது, ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி வாங்கோ, பிந்தினால் தாயும் இல்ல பிள்ளையும் இல்ல எண்டவர். என்ர மனுசன் நல்லாத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர். கேட்டதுக்குள்ள கால் நிலத்தில படப்படாது எண்டதை மட்டும் இறுக்கிப் பிடிச்சிட்டார். துறைமுகத்தில தேயிலைப் பெட்டி ஏத்திற மனுசன் வேற என்னத்தைப் பிடிப்பார்? பெட்டி நிலத்தில முட்டாமல், மூலை இடிபடாமல் கப்பலுக்குப் போய்ச் சேந்தால் சரி. உள்ளுக்க தேயிலை என்ன பாடுபடுகுது எண்டு அவரை ஆர் கேக்கப்போகினம்?

முதல் நாள் நான் அறைக்க கிடந்துகொண்டு, பருப்பு அடிப்பிடிக்குது, ஆரும் பாருங்கோ எண்டு கத்தினன். அடுத்த நாள் மனுசன் வேலையால வரேக்க தன்னோட பெட்டி ஏத்திற அப்துல் மஜீத் அண்ணனையும் இன்னும் ரெண்டு மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, என்னை வைச்சபடியே கட்டிலைத் தூக்கிக் குசினிக்க இறக்கிப்போட்டார். இனி நீ பாத்துப் பாத்துச் சொல்லலாம் எண்டு. கதவுக்குள்ளால எடுக்கேக்க எங்கயும் ஒரு இடி இல்ல, மிஸி. வேலைகாரர் வேலைகாரர்தான்.

பிறகென்ன, நான் சொல்லத் துவங்கினன். உப்பு அங்க, புளி இஞ்ச எண்டு. எனக்கு உதவிக்கெண்டு கப்பல்துறை ஊரில இருந்து வந்திருக்கிற இந்தக் கனகம்மா மச்சாள், இவற்ற தமக்கைதான், பாவம், சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்து களைச்சுப்போனா. சொல்லிற நேரத்துக்கு நீயே செய்தால் கெதியா முடியும் பிள்ளை எண்டு துருவலையைத் தூக்கிக் கட்டில்ல வைச்சா. அண்டையில இருந்து தேங்காய் துருவிறது நான். மீன் வெட்டிறது நான். அரிசியில கல்லுப் பொறுக்கிறது நான். எல்லாம் கட்டில்லதான், கால் நிலத்தில படேல்ல. அம்மியையும் ஏத்தப் பாத்தவா. கட்டில் முறிஞ்சிடும் எண்டு இவர்தான் மறிச்சவர். கட்டில்ல அவ்வளவு பட்சம்.

பக்கத்து வீட்டு ரபீக்கா வந்து பாத்திட்டு, என்ன மனுசரப்பா நீங்கள் எண்டு ஏசினவ. இவருக்கு ரோசம் வந்திட்டுது. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ, இவவின்ர கால் நிலத்தில பட்டதோ எண்டார்.

அந்தா, முற்றத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்திட்டு உங்களுக்கும் சொல்லிறார். ஓமப்பா, படேல்ல. சத்தியமாப் படேல்ல.

பகிடியா நான் கதைச்சாலும் நல்ல மனுசன், மிஸி. கக்கூசுக்கு என்னைக் கையில தூக்கிக்கொண்டுதான் போறவர். கலியாணம் முடிச்ச புதுசில ஒரு நாள் தூக்கினவரில்ல, இப்ப இந்த வயித்தோட, ஒழுங்கை முழுக்கப் பாத்திருக்கத் தூக்கிறார். என்னை இழந்துபோடுவன் எண்ட பயம் அவருக்கு. அது எனக்கு விளங்காமலில்ல.

சின்னவன் குஞ்சன்தான் பெரிய காவல்காரன். என்ர பெருவிரல் கட்டிலுக்கு வெளியில நீட்டினால் போதும், கால் கால் எண்டு கத்திக்கொண்டு ஓடிவந்து தூக்கி உள்ளுக்க வைப்பான். இப்ப அவனும் நிலத்தில கால் வைக்கமாட்டானாம். அம்மா வைக்கேல்லத்தானே எண்டு கேக்கிறான். அதால அவனுக்குக் குளிப்பும் கட்டில்லதான், தண்ணிப் பேசினுக்க வைச்சு. இண்டைக்கும் குளிப்பாட்டித் தூக்கி எடுத்தனான். வரவரக் கனக்கிறான்.

பொறுங்கோ மிஸி, போர்வையை எடுக்காதேங்கோ. எனக்குக் குளிருது. ஓம், இந்த வெயிலுக்கதான். வயிறு பிறகு பாக்கலாம், அது எங்க ஓடப்போகுது?

இஞ்சருங்கோ, சங்கக்கடையில பாண் வந்திட்டுதாமே. இண்டைக்குக் கப்பலும் இல்லத்தானே, பிள்ளையள் ரெண்டையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். பிள்ளைகுட்டியோட நிண்டால் மனேச்சர் மனமிரங்கி இன்னொண்டு கூடத் தருவார். மூத்தவள் பவானியையும்தான். இல்ல, அவள் இஞ்ச நிக்க வேண்டாம், மிஸியின்ர பையைக் கிண்டுவள். போ ராசாத்தி, அப்பாவுக்கு முன்னால ஓடிப்போய் வரிசையில இடம் பிடி. என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறாய்? அம்மாவுக்கு ஒண்டுமில்ல. மிஸியோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், காணேல்லயே? போட்டு வா.

தேத்தண்ணியைக் குடியுங்கோ மிஸி, ஆறுது. இவள் மூத்தவள் இருக்கிறாளே, ஆறு வயசு, ஆனால் கிழவிக் குணம். இந்த மாசம் பூரா என்னை விட்டு அங்கால இஞ்சால போகமாட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிறதுக்கே ஒவ்வொரு நாளும் போர்.

படலைச் சத்தம் கேட்டதோ? ஒருக்கா எட்டிப் பாருங்கோ மிஸி, ஒழுங்கை முடக்கால திரும்பிட்டினமோ?

அப்ப சரி. இனிப் போர்வையை எடுங்கோ.

நீங்கள் உள்ளுக்க வரேக்கதான் ரத்தம் போகத் துவங்கினது. மெத்தை நல்லா நனைஞ்சுபோச்சு. ஏசாதேங்கோ மிஸி, ஏசிறதைக் காருக்க வைச்சு ஏசுங்கோ. மச்சாள், அழுதுகொண்டு நிக்காமல் வேலியால ரபீக்காவைக் கூப்பிடுங்கோ, அவவின்ர மனுசன் அன்ஸாரின்ர கார் வாசல்லதான் நிக்குது. ஆஸ்பத்திரிக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும். பிள்ளை இப்பவும் உதைக்குது மிஸி, கையை இப்பிடி வையுங்கோ. உதைக்குதுதானே? உதைக்குது எண்டு சொல்லுங்கோ.

பவானி வெளிக்கிடுமட்டும்தான் வாயை மூடாமல் கதைச்சுக்கொண்டிருந்தனான். போன முறை வயித்தில இருந்த பிள்ளை போகேக்க வீட்டில ஒருத்தரும் இல்ல, இவள் தனியத்தான் என்னோட நிண்டவள். துடைச்சுப்போட்டால் அம்மாவுக்குச் சுகமாகும் எண்டு நினைச்சுத் தன்ர சட்டையைக் கழட்டி நிலத்தைத் துடைச்சுக்கொண்டே இருந்தவள். ஆக்கள் வந்து பிடிச்சு இழுத்தும் விடேல்ல.

மச்சாள், நாங்கள் போன உடன இந்த மெத்தையைக் கொண்டுபோய்ப் பின்னுக்குப் போட்டிடுங்கோ. பிள்ளை கண்டால் துடைக்கத் துவங்கிடுவள்.