நான்காம் விரல்

பென்சில் சீவும் மெஷினை நான் தொடுவதில்லை. அதில் சீவினால் கூர் நீளமாக வந்து, ஒரு வரி எழுதுவதற்குள் முறிந்துவிடும். பிளேடால் சீவிய 2பி பென்சில்தான் இசைத்தாளுக்குச் சரி. அழுத்தாமல் எழுதலாம், தாள் கிழியாமல் அழிக்கலாம். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காக்ஸ் டவுன் சர்ச் ஹாலுக்கு ஆறு பென்சில் சீவி எடுத்துப் போயிருக்கிறேன். பிள்ளைகள் அதில் நாலைத் தொலைத்துவிடுவார்கள். அதற்காக நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உங்கள் கமிட்டியில் பழையவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். தருகிறேன். உங்களில் பாதிப் பேர் புதியவர்கள் என்பதால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன். பெயர் டிரேவர் டேனியல். வயது அறுபத்திரண்டு. வீடு லிங்கராஜபுரத்தில். நம் யூத் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் பிள்ளைகளுக்கு வாத்தியார். கச்சேரி அன்று இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, தடுமாறும் குழந்தைகளுக்குத் துணையாக வாசிப்பேன். நிகழ்ச்சித் தாளின் முதல் பக்கத்தில் பிரிஸில்லாவின் படம் இருக்கும். மேடையில் கோல் பிடித்து எங்கள் எல்லோரையும் நடத்துகிறவள் அவள்தான். என் பெயர் கடைசிப் பக்கத்தில், சமோசா கொடுத்தவர்களின் பெயருக்கு ஒரு வரி மேலே இருக்கும்.

பிரிஸில்லாவும் என்னிடம் படித்தவள்தான். ஏழு வயதில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் படித்துத் திரும்பி வந்து கோலைக் கையில் எடுத்ததிலிருந்து பிள்ளைகள் முன்னால் நான் அவளை மேடம் என்கிறேன். அவள் என்னை அங்கிள் என்கிறாள். மரியாதையில் குறைவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் இடது கைச் சுண்டுவிரல் மடங்கியே இருக்கும், வயலினுக்கு உதவாது. சின்ன வயதில் சிவாஜி நகரில் பஸ் கதவில் மாட்டிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் அதற்குமேல் கேட்டதில்லை.

இனி சிந்துவைப் பற்றி. மர்பி டவுன் பெண். அவள் அப்பா ரவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஒன்பது வயதில், நாம் அந்தப் பக்கம் நடத்திய இலவச வகுப்புக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரே மாதத்தில் நின்றுவிட்டாள், இவள் நிற்கவில்லை. என் வீட்டுப் பரணில் கிடந்த சின்ன வயலினைத் துடைத்துக் கொடுத்தேன். ஏழு வருடம். சனிக்கிழமை போதாமல் செவ்வாய், வியாழனும் என் வீட்டுக்கு வருவாள். என் மனைவி டோரதி அவளுக்கு முட்டை அவித்து வைப்பாள். பதினாறு வயதில் முன்வரிசையின் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வில்லைக் கம்பியில் வைத்தால் மற்ற பிள்ளைகள் தாமாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த நாற்காலியைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும், அதை மறைப்பானேன்.

இந்த மே மாதம் பிரிஸில்லா என்னை ஹாலின் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். சிந்துவும் கூட நின்றாள். செப்டம்பர் கச்சேரியில் மெதுவான நடுப்பகுதியில், மற்ற வாத்தியங்கள் அடக்கி வாசிக்க, ஒரே ஒரு வயலின் நாலு நிமிடம் பேசும் இடம் வருகிறது. அதைச் சிந்து வாசிப்பாள், வீடியோ எடுத்து வெளிநாட்டில் ஒரு காலேஜுக்கு அனுப்பப்போகிறோம், பிடித்துவிட்டால் முழுச் செலவும் அவர்களுடையது என்றாள். பிறகு சொன்னாள்:

"இவ்ளோ தூரம் நீங்க கொண்டு வந்துட்டீங்க அங்கிள். ரொம்ப தேங்க்ஸ். இனிமே இவள நான் பாத்துக்கறேன்."

சிந்து தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏழு வருடத்துக்கு ஒரு தேங்க்ஸ். கறிவேப்பிலையை எடுத்துப் போடுகிறவர்கள் அதுகூடச் சொல்வதில்லை, ஆகவே நான் குறை சொல்லக் கூடாது. வாழ்த்தினேன். அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன்.

செவ்வாயும் வியாழனும் நின்றுபோயின. டோரதி இரண்டு வாரம் பழக்கத்தில் முட்டை அவித்துவிட்டு, பிறகு அவளே தின்றாள். எனக்கு மிஞ்சியது சனிக்கிழமை வேலை மட்டும். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று தாளில் பென்சிலால் எண் போடுவது எங்கள் வழக்கம். அது வயலின் வாத்தியாரின் வேலை. கோல் பிடிக்கிறவர்கள் அதில் கை வைப்பதில்லை. ஆனால் சிந்துவின் தாளில் பிரிஸில்லா தானே எண் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஜூன் பதினாலாம் தேதி, சனிக்கிழமை, இடைவேளையில் சிந்து என்னிடம் வந்தாள். மேடத்திடம் போகவில்லை, என்னிடம்தான் வந்தாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சார், சுண்டுவிரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் எரியுது. காலைல எழுந்தா மடக்குன விரல நீட்ட முடியல."

அது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு இருபத்துமூன்று வயதில் அதே எரிச்சல், அதே விரல், அதே காலை நேரம். பஸ்ஸும் இல்லை, கதவும் இல்லை. வாசித்து வாசித்துப் போன விரல் அது. முதலில் எரிந்தபோதே ஆறு வாரம் கைக்கு ஓய்வு கொடுத்திருந்தால் முழுக்கச் சரியாகியிருக்குமே என்று டாக்டர் சொன்னார். நான் போனது ஏழு மாதம் கழித்து. ஏன் கழித்துப் போனேன் என்றால், என் வாத்தியார் என்னிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார்.

சிந்துவின் கையை வாங்கிப் பார்த்தேன். மனதில் நாட்களை எண்ணினேன். அன்றிலிருந்து ஆறு வாரம் என்றால் ஜூலை கடைசி. கச்சேரி செப்டம்பர் பதினாலு. நேரம் தாராளமாக இருந்தது.

"நல்ல அடையாளம் கண்ணு. விரல் பலமாகுது. எரிய எரிய வாசி, விட்டுடாத" என்றேன். என் வாத்தியாரின் வாக்கியம் அது. பிறகு என்னுடையதாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். "மேடம்கிட்ட சொல்லிடாத. பயந்துபோய் உன்ன முதல் சேர்லேர்ந்து எடுத்துடுவாங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவள் முகம் தெளிந்தது. ஒரு தைல டப்பாவும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் தாளை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனேன். வயலினில் சில சுரங்களை இரண்டு விதமாக வாசிக்கலாம். விரலே வைக்காமல் கம்பியைச் சும்மா விட்டு வாசித்தால் தாளில் பூஜ்யம் போடுவோம். பக்கத்துக் கம்பியில் சுண்டுவிரலை நீட்டி வாசித்தால் நாலு. சுண்டுவிரல்தான் எங்களுக்கு நான்காம் விரல். நாலில் ஒலி கனிவாக இருக்கும், உலகத்தில் எல்லா வாத்தியாரும் நாலைத்தான் விரும்புவார்கள். பிரிஸில்லா பூஜ்யம் போட்டிருந்த இடத்திலெல்லாம் அழித்துவிட்டு நாலு போட்டேன். மூன்றாம் விரல் போதுமான இடங்களிலும் கையை அகட்டும்படி நாலு போட்டேன். முடிந்ததும் வழக்கம்போல ஓரத்தில் டி.டி., ஜூன் 21 என்று எழுதினேன். தப்பு என்று எந்தப் பரீட்சைக்காரனும் சொல்ல முடியாது. வீட்டில் தினம் நாலு மணி நேரம், கம்பிமேல் அடைப்பு மாட்டி, சத்தமில்லாமல் வாசிக்கச் சொன்னேன். சத்தம் வராவிட்டால் பிள்ளைகள் விரலை இன்னும் அழுத்துவார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் பழக்கிய இன்னொரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் ஜாக்கிரதை தேவையோ, அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்துகொள்ள வேண்டும். ஜூலையில் சிந்துவின் தாளை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாலின்மேலும் ஒரு குட்டிக் கண்ணாடி இருந்தது. அழகாகவே வரைந்திருந்தாள்.

மறுபடி வந்து வலியைப் பற்றிக் கேட்டாளா என்றால், கேட்டாள். ஆகஸ்டில் இரண்டு முறை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வரவில்லை என்றாள். கச்சேரி முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவள் நம்பினாள். வேறு யாரை நம்புவாள்.

கச்சேரியை உங்களில் பலர் பார்த்தீர்கள். மூன்றாவது நிமிடத்தில், ராகம் மேலே ஏறும் இடத்தில், அவள் சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. கூடவே அடுத்த விரலும். வில் ஓடியது, சுரம் வரவில்லை. பிரிஸில்லாவின் கோல் நிற்கவில்லை, நிறுத்தவும் கூடாது. சிந்து வயலினை மடியில் இறக்கி வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து அந்த ராகம் வந்தது. நான்தான் வாசித்தேன். விட்ட சுரத்திலிருந்து எடுத்து, கடைசிவரை, ஒரு பிசகில்லாமல். தாள் என் முன்னால் இல்லை.

சபை எழுந்து நின்றது. பிரிஸில்லா இறங்கி வந்து, என் கையைப் பிடித்து மேடையின் முன்னால் கூட்டிப்போனாள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக நான் அங்கே நின்று குனிந்து வணங்கினேன். விளக்கு வெளிச்சம் அந்த இடத்தில் இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெளியே ரவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் இல்லாவிட்டால் என் பெண்ணின் மானம் போயிருக்கும் சார் என்றார். தட்டிக் கொடுத்தேன்.

கச்சேரி முடிந்தால் தாள்களிலுள்ள பென்சில் குறிகளை எல்லாம் அழித்துத்தான் அலமாரியில் வைக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. மற்ற தாள்களை அழித்தேன். சிந்துவின் தாளில் ரப்பரை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மனம் வரவில்லை. நல்ல விரலமைப்பு அது, வாழ்நாளில் நான் போட்டதிலேயே சிறந்தது. வாத்தியார் புத்தி. அப்படியே வைத்தேன்.

பத்து நாள் கழித்து பிரிஸில்லா வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் அந்தத் தாள், இன்னொன்றில் லேப்டாப். சிந்துவுக்காக வைத்த கேமரா, அவள் நிறுத்தியதும் சத்தம் எங்கே என்று தேடி என் பக்கம் திரும்பியிருக்கிறது. என் இடது கை திரை முழுக்கத் தெரிந்தது.

"நீங்க ஒரு தடவகூட சுண்டுவிரல் வெக்கல அங்கிள்" என்றாள்.

"என் விரல்தான் வராதேம்மா."

"அது இல்லாமலே வாசிக்க முடியும்னா, நான் போட்ட ஜீரோவ எல்லாம் ஏன் அழிச்சீங்க?"

நாலில் ஒலி நன்றாக இருக்கும் என்று விளக்கினேன். அதில் பொய் எதுவும் இல்லை. என் பஸ் கதவுக் கதையை அவள் மெதுவாக மறுபடி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் டோரதி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்த பஸ்ஸும் இல்ல. ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்திருந்தா பொழச்சிருக்கும்னு நாப்பது வருஷமா எங்கிட்ட பொலம்பறாரு." பிறகு என்னைப் பார்த்தாள். "தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. அது யாரப் பத்தின்னு இப்பதான் தெரியுது."

டோரதி இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

பிரிஸில்லா தாளைப் புரட்டினாள். கண்ணாடிக் குறி என்னவென்று அவளுக்குத் தெரியும், அவளுக்கும் நான்தானே பழக்கினேன். இதெல்லாம் வலித்த இடமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். லேப்டாப்பை எடுக்காமலே எழுந்து போய்விட்டாள். அன்று இன்னொரு கேள்வியை அவள் கேட்க மறந்துவிட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தாள் இல்லாமல் அவ்வளவு பிசகில்லாமல் எப்படி வாசித்தேன் என்றால், ஜூலை முதல் வாரத்திலிருந்து தினமும் வீட்டில் அதை அப்பியாசம் செய்தேன். பூஜ்யங்களோடு.

ஆகவே கமிட்டிக்கு என் ஒப்புதல் இது. அவள் வலி என்னவென்று எனக்குத் தெரியும். ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்பதும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன், என் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கின்றன. யார்மேலும் பழி போடவில்லை. இப்போது சிந்துவின் இரண்டு விரல்கள் நீள்வதில்லை. தலை பின்னும் அளவுக்குத் தேறலாம், வயலினுக்குத் தேறாது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. ரவி அந்தச் சின்ன வயலினைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என்னை நீக்குவதென்றால் நீக்குங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், அதை ரவியிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். விரல் போனாலும் வாசிக்க முடியும், அன்று மேடையில் எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் அதைச் சொல்லித்தர பிரிஸில்லாவுக்குத் தெரியாது, அந்தக் காலேஜ்காரர்களுக்கும் தெரியாது. செவ்வாயும் வியாழனும் சிந்துவை என்னிடம் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். முட்டையை நானே அவித்து வைக்கிறேன், பென்சிலும் சீவியாயிற்று. குழந்தை பாவம், இனி என்னைவிட்டால் அவளுக்கு வேறு வாத்தியார் கிடையாது.