புதைத்த கீரை

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். காலை ஆறு மணிக்கு எழுந்தேன். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். 9.40-க்குச் சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இருவர். பேச்சில் மாமன் மச்சான் என்று தெரிந்தது.

“கீரையக் குழி தோண்டிப் பொதைச்சுட்டேன் மாப்ள,” என்றார் மூத்தவர்.

“கீரைக்குக் காரியமும் பண்ணுனீங்களா மாமா?”

“சிரிக்காத. பழைய பேட்டரிய ஒடைச்சுத் தகட்டை நம்ம குட்டையிலதான அலசறோம். ஈயம் சேத்துல எறங்குது. அதைப் பொன்னாங்கண்ணி வேருல இழுத்துக்குது. நத்தை, மீனு, எல்லாத்துலயும் சேந்துக்குது.”

“கழுவுனா போகாதுங்களா?”

“உள்ள ஏறுனது எப்படிப் போகும்? பக்கத்தூட்டு அக்கா அந்தக் குட்டையோரம் பறிச்சு எனக்கு வாரா வாரம் ஒரு கட்டு குடுக்குது. மாசமா இருக்கற அது மருமகளுக்கும் அதே கீரைதான்.”

“அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?”



“கீரைக் கடைசல் நல்லா இருந்துச்சுங்கக்கான்னு சொன்னேன்.”

புதுச்சத்திரத்தில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக இரும்புக்காரருக்குப் போன் செய்து, என் பேட்டரி எங்கே போகும் என்று கேட்டேன்.

“புதுச்சத்திரம் பக்கமுங்க சார்.”