ரத்துப் பொத்தான்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மன்னியுங்கள் மேடம். இந்த ஹைதராபாத் மாதாப்பூர் ஆபீஸ் மெஷின்கள் எல்லாம் இப்படித்தான். நீங்கள் எங்கள் கம்பெனியின் வக்கீல். நுகர்வோர் ஆணையத்துக்குப் பதில் எழுத உண்மை வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன், என்னிடம் ஒளிக்க எதுவுமில்லை.

நான் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒரு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், அடுத்த வீட்டில் கோயம்புத்தூர், எதிரே தஞ்சாவூர். எந்த வீட்டில் சாப்பிட்டேனோ அந்த வீட்டுத் தமிழைப் பேசினேன். அந்தப் பழக்கம்தான் இந்த வரன் பார்க்கும் கம்பெனியில் எனக்குச் சோறு போடுகிறது. சந்தாவை நிறுத்தப் போகிறேன் என்று யாராவது போன் செய்தால் என்னிடம்தான் வரும். இரண்டு வாக்கியத்தில் ஊரைப் பிடித்து, அவர்கள் தமிழிலேயே பேசுவேன். நாளெல்லாம் தெலுங்கும் இந்தியும் கேட்டு அலுத்தவர்கள் அப்படியே இளகிவிடுவார்கள். சந்தா தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டு போகும்.

பிறகு விதிகள் வந்தன. சேருவதைப் போலவே விலகுவதும் சுலபமாக இருக்க வேண்டும், பணம் எடுக்குமுன் தகவல் சொல்ல வேண்டும். நல்ல விதிகள்தான். எங்கள் மேனேஜர் ராஜீவ்தான் தலையில் கைவைத்துக்கொண்டு, எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று புலம்பினான்.

“எதுக்கு டென்ஷன், ராஜீவ்? ரத்து பட்டனைப் பெருசாவே வை,” என்றேன். வைத்தோம். பக்கத்தின் உச்சியில், சிவப்பாக, கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி.

ஏனென்றால் சும்மா யாரும் விலகுவதில்லை, மேடம். சோம்பல். கல்யாணம் நிச்சயமானவர்கள்தான் விலகுவார்கள். ஆகவே நான் கவனிக்க வேண்டியது பொத்தானை அல்ல.

அல்வாலில் இருக்கும் சம்பந்தம் சாரை எடுத்துக்கொள்ளுங்கள், புகார் கொடுத்தவர். பூர்வீகம் பாளையங்கோட்டை. மகள் ரோகிணிக்கு வரன் அமைந்ததும் பொத்தானைத் தேடாமல் எனக்கே போன் செய்தார். இத்தனை நாள் அவர் ஊர்ப் பேச்சில் பேசியவளாயிற்றே. மாப்பிள்ளை பாலா, அம்மா மங்களம், இன்ன இடத்தில் வீடு என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிச்சயதார்த்தத்துக்கு நானும் வரவேண்டுமாம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இங்கே நம் ஆட்கள் கல்யாணம் பேசும்போது அக்கம்பக்கத்தில் யாரை விசாரிப்பார்கள்? பக்கத்து வீட்டில் ஹவ், நக்கோ என்று உருதுவில்தான் பேசுவார்கள். அதனால் நம்ம ஊர்த் தமிழில் ஒரு குரல் போனில் தானாக வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னால், நீ யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மங்களம் அம்மாளும் கேட்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்ணைப் புகழ்ந்தேன். “பிள்ள தங்கமான பிள்ளல்லா. முடிஞ்சுபோன கதைய இப்ப எதுக்குப் பேசணும்கேன்?” அவ்வளவுதான். எந்தக் கதை என்று அந்த அம்மாள் கேட்டார். ஐயோ, ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. சம்பந்தம் சார் போனில் அழுதார். நானும் கூடச் சேர்ந்து அழுதேன், உண்மையாகவே. அடுத்த வரனிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். எனக்கே பொறுக்காமல் ராஜீவிடம் சண்டை போட்டு அவர் சந்தாவுக்குத் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தேன். வேறு யார் செய்வார்கள்?

கடைசியில் ரோகிணி, இனி யாரும் என்னைப் பார்க்க வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். அந்த மாதமும் சந்தா புதுப்பிக்கப்பட்டது. யாருக்காக என்று கேட்டுத்தான் அவர் புகார் கொடுத்திருக்கிறார். நமக்கு இதில் பயமில்லை, மேடம். முன்கூட்டியே தகவல் போயிருக்கிறது. பொத்தான் இருந்தது. அவர் அழுத்தவில்லை.

என்ன, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? காபி ஆறிவிட்டதா?

நீங்களும் நம் உறுப்பினர்தானே, நித்யஸ்ரீ மேடம். உங்கள் கோயம்புத்தூர் வரன், அந்த ராகேஷ் வீட்டார், மண்டபம் பார்த்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பின்வாங்கினார்களே, அன்று உங்கள் அம்மாவைத் தேற்றியதும் நான்தான். உங்களைப் பற்றியும் அவர்களிடம் நல்லதாகத்தான் சொன்னேன். புள்ள தங்கமான புள்ளைங்க, முடிஞ்சுபோனத இப்ப எதுக்குங்க பேசிக்கிட்டு, என்று.

உங்கள் சந்தா வெள்ளிக்கிழமை புதுப்பிக்கப்படுகிறது. விதிப்படி, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.